நூறு மைலுக்கு மூன்று கேள்விகள்: ஒரு வகுப்பறைத் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

2013 ஜனவரியில் எத்தியோப்பியாவின் ஹெர்ட்டோ பௌரி என்ற வறண்ட சிற்றூரிலிருந்து பால் சாலோபெக் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் நடக்கத் தொடங்கினார். இருமுறை புலிட்சர் பரிசு பெற்றவர். ஆப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய ஆதிமனிதர்களின் தடத்தில் ஆசியாவைக் கடந்து, வட அமெரிக்கா வழியாகத் தென் அமெரிக்காவின் தென்கோடியான தியெரா டெல் ஃபுவேகோ வரை கால்நடையாகவே போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். நேஷனல் ஜியோகிரபிக் துணை நின்றது. 7 ஆண்டில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். 10 ஆண்டு கடந்தும் நடை முடியவில்லை. மூடிய எல்லைகளும் கிடைக்காத விசாக்களும் ஒரு பக்கம். மியான்மரில் இருந்தபோது கொரோனா வேறு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு பஞ்சாபில் நுழைந்து, வட இந்தியாவின் குறுக்கே நடந்து, வடகிழக்கு வழியாக வெளியேறியிருந்தார்.

வழியில் அவர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். நூறு மைலுக்கு ஒருமுறை, நம் கணக்கில் சுமார் 160 கிலோமீட்டருக்கு ஒருமுறை, நிற்பார். காலடி மண்ணை ஒரு படம், தலைக்கு மேலே வானத்தை ஒரு படம், சுற்றுப்புறத்தை முழு வட்டமாக ஒரு படம். பிறகு அங்கே முதலில் எதிர்ப்படும் மனிதரிடம் மூன்று கேள்வி கேட்பார். நீங்கள் யார்? எங்கிருந்து வருகிறீர்கள்? எங்கே போகிறீர்கள்?

நம் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருபவர் கேட்பதும் இதே மூன்றுதான். "யாரு, எந்த ஊரு, எங்க போறீங்க?" ஆடு மேய்ப்பவரிடமும் அகதியிடமும் கடைக்காரரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டதால்தான், அந்தப் பதில்களை அருகருகே வைத்துப் படிக்க முடிகிறது.

சர்வதேசப் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் ஓயாமல் கேட்டுக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு: "வகுப்பில் செய்ய நல்ல செயல்பாடு ஏதாவது சொல்லுங்களேன்." பதிலாக வருவது பெரும்பாலும் இணைப்புகளின் நீண்ட பட்டியல். அதை யாரும் முழுதாகத் திறந்து பார்ப்பதில்லை. அதனால் இங்கே ஒரே ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு, அது எப்படிக் கட்டப்பட்டது, எந்த இடத்தில் உண்மையாகவே வேலை செய்கிறது, எந்த இடத்தில் வழுக்குகிறது என்று பார்க்கிறேன். சாலோபெக்கின் நடையோடு சேர்ந்து ஹார்வர்டு பல்கலைக்கழகக் கல்வியியல் பள்ளியின் புராஜெக்ட் ஜீரோ குழு அதே 2013இல் தொடங்கிய 'அவுட் ஆஃப் ஈடன் லேர்ன்' திட்டம் அது. பின்னாளில் அதன் பெயர் 'ஓப்பன் கேனபி' என்று மாறியது.

கொடிகளும் உணவு மேசைகளும்

இத்திட்டத்தின் அருமை புரிய, சர்வதேசப் பள்ளி என்ற அமைப்பின் பழைய சிக்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1924இல் ஜெனீவாவில் ஒரு சர்வதேசப் பள்ளி தொடங்கியது. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்திலும் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) சர்வதேசத் தொழிலாளர் அலுவலகத்திலும் பணியாற்ற வந்தவர்களின் பிள்ளைகள் படிக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அதே ஆண்டில் யோகோஹாமாவிலும் ஒன்று தொடங்கியது. தமிழ்நாட்டுக்கும் இந்த உலகம் புதிதல்ல. மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் கொடைக்கானலில் தொடங்கிய பள்ளிதான் 1976இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தை ஏற்றது.

பல நாட்டுப் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்துவிட்டால் உலகப் பார்வை தானாக வந்துவிடுமா? ஜெனீவாப் பள்ளியை 1929 முதல் 20 ஆண்டுகள் நடத்திய மரி-தெரெஸ் மோரெத் இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர். அமைதிக்கான கல்வி முறைகள் என்று உண்மையிலேயே ஏதும் உண்டா என்று கேட்டு, 1948இல் யுனெஸ்கோவுக்காக ஒரு கட்டுரை எழுதினார். அவர் பள்ளியில் சிறுவர்களின் புவியியல் சொந்த நாட்டிலிருந்து தொடங்கவில்லை. துருவத்தை நடுவில் வைத்து வரைந்த வட்டமான உலகப் படம்தான் தொடக்கம். அதில் நாட்டெல்லைக் கோடுகள் கிடையாது. பிள்ளை முதலில் கடலையும் மலையையும் வரைகிறான். கோடுகள் பிறகு வருகின்றன. கல்வி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செயல்பாடு இது. ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு துணிச்சலான முடிவு. வேறெதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் பிற்காலப் பள்ளிகள் பலவற்றில் சர்வதேசம் என்பது ஆண்டுக்கு ஒருநாள் விழாவாகச் சுருங்கிவிட்டது. நாட்டுக்கொரு மேசை, மேசைக்கொரு கொடி, அம்மாக்கள் சமைத்துக் கொண்டுவந்த பலகாரம், பாரம்பரிய உடையில் ஓர் அணிவகுப்பு. நல்ல நாள்தான், பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மூன்று நாட்டில் வளர்ந்த பிள்ளை எந்த மேசையில் நிற்பது? பெற்றோரின் நாடும் இல்லாமல், வளரும் நாடும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவே தங்களுக்கென ஒரு வாழ்முறையை உருவாக்கிக்கொள்ளும் இத்தகைய பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்று ரூத் ஹில் யூசீம் 1950களிலேயே பெயரிட்டார். இந்தியாவில் வேலை பார்த்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது அவருக்குக் கிடைத்த எண்ணம் அது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் "உன் நாட்டைப் பற்றிச் சொல்" என்றால் வாய் அடைத்துப்போகும். "உன் தெருவைப் பற்றிச் சொல்" என்றால் யாராலும் சொல்ல முடியும். நாட்டை விட்டுவிட்டுத் தெருவைப் பிடித்ததுதான் அவுட் ஆஃப் ஈடன் லேர்ன் செய்த முதல் நல்ல காரியம்.

நடைக் குழுக்கள்

புராஜெக்ட் ஜீரோவை 1967இல் தொடங்கியவர் நெல்சன் குட்மன் என்ற தத்துவவாதி. கலைக் கல்வி பற்றி உறுதியாகச் சொல்லத்தக்க அறிவு அன்று பூச்சியம் என்று அவர் கருதியதால் அந்தப் பெயர். அந்த மரபில் வந்த ஷாரி டிஷ்மன், கேரி ஜேம்ஸ், லிஸ் டாஸ் துரைசிங் ஆகியோர் இந்தத் திட்டத்துக்குத் தலைமை ஏற்றனர். நோக்கமாக அவர்கள் வைத்தவை எளியவை: நிதானித்து உற்றுப் பார்ப்பது, கதைகளைப் பகிர்ந்துகொள்வது, தன் வாழ்வு பெரிய உலகத்தோடு எப்படிப் பின்னியிருக்கிறது என்று யோசிப்பது.

ஏறத்தாழ ஒரே வயதுள்ள, வெவ்வேறு நாடுகளிலும் வெவ்வேறு வகைப் பள்ளிகளிலும் படிக்கும் சில வகுப்புகளைச் சேர்த்து ஒரு 'நடைக் குழு' ஆக்கினார்கள். கட்டணம் இல்லை. மாணவர்கள் புனைபெயரில் வருவார்கள். முழுப் பெயரோ முகவரியோ வெளியே தெரியாது. செயல்பாடுகளுக்கு 'காலடிகள்' என்று பெயர். ஒவ்வொரு காலடியிலும் ஒன்றைச் செய்து பதிவிட வேண்டும். குழுவில் இருக்கும் மற்றவர்களின் பதிவைப் படித்துக் கருத்தும் எழுத வேண்டும். சில வாரங்களில் ஒரு பயணம் முடியும்.

முதல் காலடியில் தன்னைப் பற்றிச் சில வரிகள். அடுத்தது, தான் இருக்கும் பகுதியில் ஒரு மெதுநடை. தினமும் போகும் வழியில், இதுவரை கண்ணில் படாத ஏதாவது ஒன்றைப் படம் எடுப்பதோ வரைவதோ எழுதுவதோ வேலை. பிறகு சுற்றுப்புறத்தின் வரைபடம். பிறகு அக்கம்பக்கத்தார் ஒருவரிடம் உட்கார்ந்து அவர் கதையைக் கேட்பது. பிறகு, கையில் இருக்கும் அன்றாடப் பொருள் ஒன்று உலகத்தின் எந்தெந்த மூலையோடு தொடர்புடையது என்று கண்டறிவது.

இந்தக் கடைசிச் செயல்பாட்டைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவருக்கு விளக்கவே வேண்டாம். ஒரு வெளிநாட்டுச் சிறுமி தன் பருத்தி டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்து "மேட் இன் இந்தியா" என்று படித்தால், நூல் பிடித்துப் போகும்போது அவள் வந்து சேரும் இடம் திருப்பூராக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போகிறது. பஞ்சு, நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, நொய்யல் ஆறு என்று அந்தச் சட்டைக்குள் எத்தனை இருக்கிறது! அதே குழுவில் திருப்பூர்ப் பிள்ளை ஒருவர் இருந்தால் அந்தப் பாடத்தை எந்தப் புத்தகமும் ஈடுசெய்யாது.

வரைபடம் காட்டிக்கொடுப்பது

எல்லாக் காலடிகளிலும் சர்வதேசப் பள்ளிகளுக்கு மிகத் தேவையானது வரைபடம் என்பேன். பல ஊர்களில் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் காம்பவுண்டுச் சுவருக்குள் இருக்கும் வீட்டிலிருந்து காரில் ஏறி, காம்பவுண்டுச் சுவருக்குள் இருக்கும் பள்ளியில் இறங்குகிறார்கள். இடையில் இருக்கும் ஊர் அவர்களுக்குக் கண்ணாடிக்கு வெளியே ஓடும் படம்.

புரூஸ் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு ஆய்வாளர் கலிஃபோர்னியாவில் இதைக் குழந்தைகளின் கையாலேயே கண்டார். வண்டி நெரிசல் மிகுந்த பகுதிப் பிள்ளைகளையும் நெரிசல் குறைந்த பகுதிப் பிள்ளைகளையும் தங்கள் சுற்றுப்புறத்தை வரையச் சொன்னார். நடந்தும் சைக்கிளிலும் போகும் பிள்ளைகள் மரம், நண்பன் வீடு, விளையாடும் இடம், வளைவு என்று நிறைத்து வரைந்தார்கள். எங்கு போனாலும் காரிலேயே போகும் பிள்ளைகளின் தாளில் வீடும் பள்ளியும் தனித்தனித் தீவுகளாக நின்றன. நடுவே வெறும் கோடு, சிலதில் அதுவும் இல்லை.

அந்த வெற்றிடத்தை ஆசிரியர் குற்றமாகப் பார்க்கக் கூடாது. அதுவே பாடத்தின் தொடக்கம். "இந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது?" என்று கேட்டாலே அடுத்த நடைக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. வெளியே நடப்பது பாதுகாப்பில்லாத ஊர்களும் உண்டு. அங்கே பள்ளி வளாகத்துக்குள்ளேயே நடக்கலாம். சமையற்கூடத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி, காவலர் அறை, பஸ் ஓட்டுநர்கள் மதியம் படுக்கும் மரத்தடி. நான்கு வருடம் படித்த பள்ளியிலும் பிள்ளைகள் ஒருமுறைகூடப் போகாத இடங்கள் இருக்கும்.

உற்றுப் பார்ப்பதற்கும் பயிற்சி உண்டு. சும்மா "நன்றாகப் பார்" என்றால் பிள்ளை என்ன செய்யும்? டிஷ்மன் இதற்குச் சில பிடிகள் தருகிறார். நிறம், ஒலி, அசைவு என்று ஏதாவது ஒரு வகையை மட்டும் தேடுவது முதல் பிடி. கண்ணில் படும் எல்லாவற்றையும் தேர்வு செய்யாமல் பட்டியலிடுவது இன்னொன்று. மிக அருகே போயோ விலகி வந்தோ அளவை மாற்றிப் பார்க்கலாம்; இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் பார்க்கலாம். 'பார்க்கிறேன், நினைக்கிறேன், வியக்கிறேன்' என்ற புராஜெக்ட் ஜீரோவின் புகழ்பெற்ற பயிற்சியும் இதற்கு உறவுதான். அதில் கண்ணால் கண்டதையும் மனத்தால் ஊகித்ததையும் வேறு வேறாகச் சொல்ல வேண்டும். "ஏழை வீடு" என்பது ஊகம். "கூரையில் தகரம், வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு, ஒரு சைக்கிள்" என்பது பார்வை. இந்தப் பிரிவினையைப் பத்து வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை பின்னாளில் செய்தியையும் வாட்ஸ்அப்பையும் வேறு மாதிரி படிக்கும் என்று நம்புகிறேன்.

"சூப்பர்!" என்பதற்கு அப்பால்

பதிவு போடுவது பாதி வேலை. மறுபாதி, மற்றவர் பதிவுக்குப் பதில் எழுதுவது. இங்கேதான் திட்டம் முட்டி நின்றது. பிள்ளைகள் அன்பாகவே எழுதினார்கள், ஆனால் மேலோட்டமாக எழுதினார்கள். "சூப்பர் படம்", "அழகாக இருக்கிறது". சமூக ஊடகம் பழக்கிவிட்ட பேச்சு அது. அதிலிருந்து உரையாடல் முளைக்காது.

குழு பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பதில் எழுதுவதையே கற்றுக்கொடுக்க வேண்டிய ஒரு கலையாக எடுத்துக்கொண்டு, உரையாடல் கருவிகள் சிலவற்றை உருவாக்கியது. ஒரு சிறுவன் தன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும் தண்ணீர்த் தொட்டிகளைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 'கவனி' என்ற கருவியை எடுப்பவர் "எல்லாத் தொட்டியும் கறுப்பு, ஒன்று மட்டும் நீலம்" என்று கண்டதைச் சொல்வார். 'பாராட்டு' என்றால் எது பிடித்தது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். வெறும் "நல்லா இருக்கு" செல்லாது. 'துருவு' என்றால் கேள்வி: "தண்ணீர் தினமும் வருமா? யார் மோட்டார் போடுவார்கள்?" 'வெட்டி எடு' என்றால் பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்து வைத்து, அது ஏன் மனத்தில் நின்றது என்று சொல்வது. 'இணை' என்றால் தன் வாழ்க்கையோடு பொருத்துவது: "எங்கள் கட்டடத்தில் தொட்டி எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது." 'நீட்டு' என்றால் இந்தப் பதிவு தன் சிந்தனையை எங்கே கொண்டுபோனது என்று எழுதுவது. 'விடுபட்ட பார்வை' என்றால் இங்கே யாருடைய குரல் வரவில்லை என்று கேட்பது. கடைசியில் மரியாதை குறையாமல் 'மறுத்துச் சொல்' என்பதும் உண்டு.

இணையம் இல்லாத வகுப்பில்கூட இதைச் செய்யலாம் என்பது என் அழுத்தமான எண்ணம். வரைந்த தாள்களைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் வெற்றுத் துண்டுச்சீட்டுகளை வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எந்தக் கருவியை எடுத்தது என்று சீட்டின் மூலையில் எழுதட்டும். முதல் வாரம் 'பாராட்டு' மட்டுமே குவியும். மூன்றாம் வாரத்திலிருந்து 'துருவு' சீட்டுகளுக்கு மட்டும் இடம் என்று சொல்லிப் பாருங்கள்.

வழுக்கும் இடங்கள்

குறைகளை மூடி வைத்துப் பரிந்துரைப்பது ஆசிரியருக்கு உதவாது. முதல் ஆபத்து, ஒருவரை வைத்து ஊரையே எடைபோடுவது. ஒரு கென்யச் சிறுமியின் பதிவைப் படித்துவிட்டு "கென்யாவில் எல்லோரும் இப்படித்தான்" என்று முடிவு கட்டுவது பிள்ளைகளுக்கு மிக எளிது. கதை எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக இந்தத் தவறு நடக்கும். திட்டக் குழுவினரே இதைப் பற்றி வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். இதற்கு நான் பக்கத்தில் வைக்கச் சொல்லும் மருந்து, ஸ்வீடனின் கேப்மைண்டர் அமைப்பின் 'டாலர் ஸ்ட்ரீட்'. உலகம் முழுவதும் வீடுகளைப் படம் எடுத்து, நாட்டின்படி அடுக்காமல் வருமானத்தின்படி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரே வருமானமுள்ள குடும்பங்களின் அடுப்பும் பல் துலக்கும் பிரஷ்ஷும் கண்டம் தாண்டியும் ஒத்துப்போவதைக் கண்டதும் "அந்த நாட்டுக்காரர்கள்" என்ற வார்த்தை வாயில் சிக்கிக்கொள்ளும்.

இரண்டாவது, மொழி. பொதுமொழி ஆங்கிலம் என்பதால், ஆங்கிலத்தில் சரளமாக எழுதும் பிள்ளையின் சாதாரணத் தெரு எல்லோருக்கும் சுவாரசியமாகத் தெரிகிறது. தடுமாறும் பிள்ளையின் அற்புதமான தெரு கவனிக்கப்படாமல் போகிறது. படமும் வரைபடமும் ஒலிப்பதிவும் ஓரளவு ஈடுகட்டும். அக்கம்பக்கத்தார் கதையை அவரவர் மொழியிலேயே பதிவுசெய்து, கீழே சில வரி விளக்கம் சேர்ப்பது இன்னும் நல்லது. வீட்டில் தமிழ் பேசி வளரும் வளைகுடாப் பிள்ளை, பள்ளி ஓட்டுநர் அண்ணனிடம் தமிழிலேயே அந்த மூன்று கேள்வியையும் கேட்கட்டும். பள்ளியில் அதுவரை வேலையில்லாமல் கிடந்த மொழிக்கு அன்று ஒரு வேலை கிடைக்கிறது.

நாட்காட்டிச் சிக்கலும் உண்டு. தென் அரைக்கோளத்தில் கல்வியாண்டு தொடங்கும்போது வடக்கே பாதி முடிந்திருக்கும். ஒருவருக்குத் தேர்வு, மற்றவருக்கு விடுமுறை. கூட்டு வகுப்பு ஏற்பாடு செய்பவர்கள் முதலில் ஒப்பிட வேண்டியது விடுமுறைப் பட்டியலை.

புனைபெயர் விதியை இறுக்கமாகப் பிடியுங்கள். வீட்டு முகப்பு, வண்டி எண், சீருடைச் சின்னம் எதுவும் படத்தில் விழக் கூடாது. கதை சொல்லும் பெரியவரிடம், இது எங்கே போகும், யார் படிப்பார்கள் என்று விளக்கிச் சம்மதம் கேட்பதைப் பிள்ளையே செய்ய வேண்டும். ஆசிரியர் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டால் பாதிப் பாடம் போய்விடும்.

வகுப்பில் தொடங்க

மாதிரி ஐ.நா. போன்ற செயல்பாடுகளைச் சர்வதேசப் பள்ளிகள் மிகுந்த ஆர்வத்தோடு நடத்துகின்றன. ஜெனீவாப் பள்ளியில் 1953 முதலே மாணவர் ஐ.நா. உண்டு. அதில் பிள்ளை, தான் பார்த்தறியாத ஒரு நாட்டின் சார்பாகப் பேசுகிறான். நல்ல பயிற்சி, நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு முன்பு தன் தெருவுக்காகப் பேசக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன்.

தேவையானவை கொஞ்சம்தான். புராஜெக்ட் ஜீரோவின் சிந்தனைப் பயிற்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சாலோபெக்கின் பயணக் குறிப்புகளில் ஒன்றைத் தேர்ந்து வாரம் ஒருமுறை வகுப்பில் உரக்கப் படிக்கலாம். சிறியவர்களுக்கு நூறு மைல் நிறுத்தங்களின் படங்களே போதும். யாரும் திருத்தி நிரப்பக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பைப் பெரிய பிள்ளைகள் தங்கள் கைவரைபடத்தோடு ஒப்பிடலாம். பள்ளிக்கு எதிரில் இருக்கும் தேநீர்க் கடை அதில் இல்லையென்றால், சேர்த்துவிடலாம். பாடநூல் படிப்பவராகவே இருந்த பிள்ளை உலகப் படத்தில் ஒரு புள்ளி வைக்கும் தருணம் அது. அந்த முகத்தைப் பார்க்கவாவது இதைச் செய்யலாம்.

வேறு நாட்டில் ஒரே ஒரு வகுப்பு துணைக்குக் கிடைத்தாலும் போதும். கிடைக்காவிட்டால் ஊருக்கு மறுகோடியில் இருக்கும் அரசுப் பள்ளியைக் கேளுங்கள். சில ஊர்களில் அந்த ஐந்து கிலோமீட்டர், இரண்டு நாடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தைவிட அதிகம்.

முதல் நாள் எந்த விளக்கமும் தராமல் ஆளுக்கொரு வெற்றுத் தாள் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளி வரை வரையச் சொல்லுங்கள். இருபது நிமிடம் போதும். வாங்கி உறையிலிட்டு மூடிவிடுங்கள், மதிப்பெண் வேண்டாம். ஆறு வாரம் நடை, கேள்வி, கதை, பதில் எல்லாம் ஆனபிறகு மறுபடி அதே தாள், அதே இருபது நிமிடம். பிறகு உறையைப் பிரித்து, பழையதையும் புதியதையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளே பேசட்டும் என்று ஒதுங்கி நில்லுங்கள்.